‘ஒரே ஒரு தொட்டிதானே?’

2024 நவம்பரில் பெங்களூரில் ஒரு பெண் தன் பால்கனிச் செடிகளைப் படம்பிடித்து முகநூலில் போட்டார். பூச்செடிகளுக்கு நடுவே இரண்டு தொட்டிகளில் கஞ்சா. பார்த்தவர் யாரோ போலீசுக்குச் சொல்லிவிட, கணவனும் மனைவியும் கைதானார்கள். அதே மாதம் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில், அடுக்குமாடி வீட்டின் அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த கஞ்சாத் தொட்டிகள் பிடிபட்டன.

மதுரைப் பக்கம் கஞ்சா என்றால் பேச்சு மலையைப் பற்றித்தான் இருக்கும். ஒரு காலத்தில் வருசநாடும் கம்பத்து மலையும். இப்போது ஆந்திர-ஒடிசா எல்லையிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வந்து சேரும் ‘சரக்கு’. பூட்டிய அறைக்குள் விளக்குப் போட்டு வளர்ப்பது நம் ஊருக்குப் புதிது. ஆனால் அதற்கான விளம்பரமும் காணொளியும் அனுப்பானடிப் பையனின் கைபேசிக்கும் வருகின்றன, திருமங்கலத்துக் கல்லூரி விடுதிக்கும் வருகின்றன. ‘யாரிடமும் போய் வாங்க வேண்டாம், கலப்படம் இல்லை, எனக்கு மட்டும்தான்’ என்று அவன் போடும் கணக்கில் எங்கே பிசகு என்று பார்ப்போம்.

தானாகப் பூக்கும் செடி

சாதாரணக் கஞ்சாச் செடி இரவு நீளும் பருவம் பார்த்துப் பூக்கும். கோடை குறுகிய குளிர்நாடுகளில் முளைத்த ருடராலிஸ் என்ற குட்டை இனத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. வயது வந்தால் பூத்துவிடும். அதை மற்ற இனங்களோடு கலந்து உருவாக்கியதுதான் ‘ஆட்டோஃப்ளவர்’. இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், முதல்முறை வளர்ப்பவருக்கு ஏற்றது என்று சொல்லி விற்கிறார்கள்.

இது மதுரை வெயிலை அறியாதவர்கள் எழுதிய விளம்பரம். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடி அறை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதில் ஜன்னலை அடைத்து, நாளெல்லாம் எரியும் விளக்கையும் விசிறியையும் பழைய ஒயரில் மாட்டினால் முதலில் வருவது மின்கசிவு பயம். அடுத்தது பூஞ்சணம். ஈரமும் புழுக்கமும் சேர்ந்த அறையில் பூவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். அதைப் புகைத்தால் வித்துகள் நேராக நுரையீரலுக்குப் போகும். ஆஸ்துமா உள்ளவர், காசநோய் வந்து தேறியவர், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர் அதே வீட்டில் இருந்தால், புகைக்காத அவரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். பூச்சிக்கு மருந்தடித்திருந்தால் அதுவும் புகையோடு உள்ளே போகும். கலப்படம் இல்லை என்ற பெருமை இதோடு சரி.

சட்டம் செடியை எண்ணுவதில்லை

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்ட இடம் ஒன்று உண்டு. கஞ்சா புகைத்ததற்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கஞ்சாச் செடி வளர்த்ததற்கோ 10 ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும். சொந்த உபயோகத்துக்கு ஒரு தொட்டி என்று எந்த விலக்கும் இல்லை. பூ இல்லாத இலை கஞ்சா ஆகாது என்று கேள்விப்பட்டதை வைத்து வாதாடுபவர்கள், இந்தப் பிரிவு செடியைப் பற்றியது என்பதைக் கவனிப்பதில்லை. தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் அதே தண்டனை. மகன் அறையில் என்ன வளர்கிறது என்று தெரிந்தும் பேசாமல் இருக்கும் அப்பாவுக்கும் இது பொருந்தும்.

சித்த மருத்துவத்தில் கஞ்சா இல்லையா என்பார்கள். இருக்கிறது. சுத்தி செய்து, உரிமம் பெற்றவர் தயாரித்து, மருத்துவர் பார்வையில் தரவேண்டிய நச்சுச் சரக்குகளின் பட்டியலில் இருக்கிறது.

மூளைக்குள் நடப்பது

கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. என்ற பொருளை இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலமும் அவருடைய சகாக்களும் 1964-இல் பிரித்தெடுத்தார்கள். நினைவு, பசி, பயம், நேர உணர்வு ஆகியவற்றைச் சீராக வைக்க மூளையே சுரக்கும் சில பொருள்கள் உண்டு. அவை உட்காரவேண்டிய இடத்தில் டி.எச்.சி. போய் உட்கார்ந்துகொள்கிறது. இருபத்தைந்து வயதுவரை மூளையின் முன்பகுதி கட்டிமுடியாத வீடு. பதினேழு வயதில் தினமும் புகைப்பவனுக்கும் நாற்பதில் எப்போதாவது புகைத்தவருக்கும் ஒரே விளைவு வராது. பழகிப் பார்த்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகிறார்கள் என்பது பழைய கணக்கு. விடலைப் பருவத்தில் தொடங்கினால் ஆறில் ஒருவர்.

எல்லாருக்கும் மனநோய் வராது. இதைச் சொல்லாமல் பயமுறுத்தினால், புகைத்தும் நன்றாக இருக்கும் நண்பனைக் காட்டிப் பையன் சிரிப்பான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால் ஆபத்து கூடுதல் என்பது மட்டும் தெளிவு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வில், டி.எச்.சி. 10 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள கஞ்சாவைத் தினமும் புகைத்தவர்களுக்கு, அறவே தொடாதவர்களைவிட மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று தெரிந்தது. விதை விற்பவர்கள் 20 விழுக்காடு, 25 விழுக்காடு என்று போட்டுத்தான் ஆசை காட்டுகிறார்கள்.

வீட்டில் வளர்ப்பதில் நான் பெரிதாக நினைக்கும் ஆபத்து இதுதான். பொட்டலம் வாங்குபவனுக்குக் காசு தீரும், ஆள் கிடைக்காது, பயம் வரும். அதனால் சில நாளாவது இடைவெளி விழும். தொட்டி அறைக்குள்ளேயே இருந்தால் அந்த இடைவெளி போய்விடுகிறது.

இன்னொன்று, வயிற்று டாக்டர்களே தவறவிடுவது. நீண்டநாள் புகைப்பவர்கள் சிலருக்கு நிற்காத வாந்தியும் வயிற்றுவலியும் விட்டுவிட்டு வரும். கேஸ் என்று மாத்திரை, எண்டாஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் நடக்கும். எதிலும் ஒன்றும் இருக்காது. சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் ஆறுதல். மதுரை வெயிலில் இளவட்டப் பையன் ஒருவன் நாளுக்கு நாலு தடவை வெந்நீர் கேட்டால், சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. கஞ்சாவை விட்டால்தான் அது நிற்கும்.

கோடாங்கியும் மருத்துவரும்

தூக்கம் கெடுவது, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணம், தனக்குத்தானே பேச்சு, காரணமில்லாச் சிரிப்பு: மனநோய் தொடங்கும்போது தெரிபவை இவை. நம் ஊர்களில் இதற்கு முதல் வைத்தியம் கோடாங்கி. அடுத்தது குணசீலம் கோயில், ஏர்வாடி தர்கா. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கோரிப்பாளையம் தர்காவிலிருந்து அரசு இராசாசி மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம், இரண்டுக்கும் போகலாம். சிகிச்சை தள்ளிப்போகப் போக நோய் தேறுவது கடினமாகும். அதற்காகத்தான் அவசரம்.

இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரில் கே.கே. நகர் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் இந்த வேலையில் இருக்கிறது. வெளியே வரத் தயங்கினால் 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே 14446. கஞ்சாவால் உதவி தேவைப்படும் நிலையில் நாட்டில் 72 லட்சம் பேர் இருப்பதாக எய்ம்ஸ் நடத்திய 2019 தேசிய ஆய்வு சொன்னது. உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த அவமானம் இல்லை இது.

போலீசுக்குப் பயந்து பலர் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கிறார்கள். புகைத்த குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கிய அடிமைப்பட்டவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால், வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது அதே சட்டத்தின் 64ஏ பிரிவு. செடி வளர்த்தவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. தொட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், கையை வைக்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

நிறுத்திய முதல் வாரம்தான் கடினம். ஓரிரு நாளில் எரிச்சல் தொடங்கும், தூக்கம் வராது, சோறு இறங்காது, கெட்ட கனவுகள் வரும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அந்த நாட்களில் அவன் கத்தினால் எதிர்த்துக் கத்தாதீர்கள். தூங்கவில்லை என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தராதீர்கள். அதை மருத்துவர் எழுதட்டும். சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.