சிறு குழந்தைக்குப் பல் முளைக்கிறதா?
முதற்பல் பெரும்பாலும் 6 மாத அளவில் வெளிவரும். சில குழந்தைகளுக்கு 4 மாதத்திற்கு முன்னரே முளைப்பதுண்டு. எனினும், 3 மாதக் குழந்தை எச்சில் வடிப்பதும் கையைச் சப்புவதும் இயல்பான வளர்ச்சியே. அவை மட்டும் பல் முளைப்பதற்கு அடையாளமாகா.

ஈறுகள் வீங்கியிருந்தால், நன்கு கழுவிய விரலால் மெல்லத் தேய்த்துவிடலாம். குளிர்ந்த ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி கடிக்கக் கொடுக்கலாம்.

ஈறுகளில் தேன் தடவுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஒரு வயது நிறையும் வரை தேன் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கடும் நோயை உண்டாக்கலாம்.

காய்ச்சலைப் பல்லின்மீது சுமத்திக் காத்திராதீர்கள். 3 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு வெப்பநிலை 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், உடனே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பிற ஐயங்களுக்கு, விக்டோரியாவின் தாய் சேய் நலத் தொலைபேசிச் சேவையை 13 22 29 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச, முதலில் 131 450ஐ அழையுங்கள்.