மலை ஏறி வந்த பீரங்கிகள்... தெரியுமா?

வியட்நாமின் வடமேற்கு மூலையில், சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு டியன் பியன் பூ. 1953 நவம்பர் 20 அன்று, வியட்மின் விடுதலைப் படையை எதிர்த்துப் போரிட்டுவந்த பிரெஞ்சுப் படை பாராசூட்டில் குதித்து அங்கே கோட்டை கட்டியது. 'சாலையே இல்லாத காட்டில் வியட்மின் எப்படிப் பீரங்கி கொண்டுவரும்?' என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு என்ன ஆனது தெரியுமா?

● 2 டன்னுக்கு மேல் எடையுள்ள 105 மி.மீ. பீரங்கிகளைக் கயிறு கட்டி, இருட்டில், மனிதர்களே மலைமேல் இழுத்தார்கள்! ஜனவரியில் தாக்குதலை வியட்மின் தளபதி வோ நுயென் கியாப் தள்ளிவைத்தார். ஏற்றியதையெல்லாம் இறக்கினார்கள், பிறகு மறுபடி ஏற்றினார்கள்!

● அரிசி வந்தது சைக்கிளில்! ஹேண்டில்பாரில் மூங்கில் கட்டி, 200 கிலோவுக்கு மேல் ஏற்றி, தள்ளிக்கொண்டே காட்டைக் கடந்தார்கள்.

● பிரெஞ்சு பீரங்கிகள் திறந்த குழிகளில், பார்த்த கண்ணுக்கெல்லாம் தெரியும்படி நின்றன. கியாபின் பீரங்கிகளோ மலையைக் குடைந்த பொந்துகளுக்குள்! வெளியே தெரிந்தவற்றில் பல, குண்டுகளை வீணடிக்க வைத்த டம்மிகள்!

● எதிரி பீரங்கி மூன்று குண்டு சுடுவதற்குள் நொறுக்கிவிடுவதாக மார்தட்டியவர், பிரெஞ்சு பீரங்கிப்படைத் தலைவர் சார்ல் பிரோத். போர் தொடங்கியது 1954 மார்ச் 13. இரண்டே நாளில், அவமானம் தாங்காமல் கையெறி குண்டால் உயிரை மாய்த்துக்கொண்டார்!

● அடுத்த அதிர்ச்சி, சோவியத் தயாரிப்பான 37 மி.மீ. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள். பீரங்கிகளும் இவையும் சேர்ந்து மார்ச் முடிவதற்குள் ஓடுபாதைக்கே பூட்டுப் போட்டன! 60க்கும் மேற்பட்ட விமானங்கள் போயின.

● சூட்டுக்குப் பயந்து விமானங்கள் உயரே பறந்தன. பாராசூட்டில் போட்ட சரக்கு காற்றில் மிதந்து எதிரி பக்கம் விழுந்தது. அதில் 105 மி.மீ. குண்டுகளும் உண்டு. இரு தரப்பிடமும் இருந்தவை அமெரிக்காவில் தயாரான 105 மி.மீ. பீரங்கிகள். குண்டு கச்சிதமாகப் பொருந்தியது! வியட்மினுக்கு அந்தப் பீரங்கிகளைக் கொடுத்தது சீனா.

● மே 7 அன்று கோட்டை விழுந்தது. சுமார் 10,000 பேர் சிறைப்பட்டார்கள். மறுநாளே ஜெனீவாவில், வியட்நாம் அடங்கிய இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது!

இத்தனையையும் நடத்திய கியாப் எந்த ராணுவக் கல்லூரியிலும் படித்தவரல்ல. முன்னாள் சரித்திர வாத்தியார்! பாதை இல்லை என்பதைப் பிரெஞ்சு நிபுணர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். பாதை போட ஆயிரக்கணக்கான கைகள் வரும் என்பதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.