பனித்துளை மீன்பிடிப்பு: துளை உறையாமல் காத்தல்

உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போடுவது பனித்துளை மீன்பிடிப்பு எனப்படும். ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் டொராண்டோ நகருக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரி இதற்குப் பெயர்பெற்றது. துளையின் விட்டம் பெரும்பாலும் 15 முதல் 25 செ.மீ. வரை இருக்கும். கடுங்குளிரில் சில நிமிடங்களிலேயே அதன்மேல் பனி ஏடு படரும். நூல் அதில் சிக்கினால் மீன் கடிப்பது தெரியாது. வெட்டி இழுத்தால் நூல் அறுந்துபோகும்.

நீருக்கு 4° செல்சியசில் அடர்த்தி மிகுதி. அந்த நீர் அடியில் தங்க, 0°-ஐ நெருங்கும் நீர் மேலே நிற்கிறது. வெப்பம் வெளியேறுவதும் மேற்பரப்பு வழியாகத்தான். காற்று வீசினால் இன்னும் விரைவாக உறையும். ஆகவே துளையை மூடி வைப்பதே முதன்மையான வழி. நூல் செல்லப் பிளவு விட்ட தெர்மாகோல் தகடு போதும். ஐஸ் பாளத்தை உமியில் பொதிவதும் இதே தத்துவம்தான். உமி வெளிவெப்பத்தை உள்ளே விடாது. தெர்மாகோல் நீரின் வெப்பத்தை வெளியே விடாது.

மிதக்கும் பனித்தூளை ஜல்லிக்கரண்டி போன்ற அகப்பையால் அவ்வப்போது அள்ளிவிட வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு வைப்போரும் உண்டு. காற்றோட்டம் இல்லையெனில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். வாகனங்களுக்கான உறைதடுப்புத் திரவத்தை ஊற்றவே கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

கைவிடப்பட்ட துளை மெல்லிய ஏடு படர்ந்து, மேலே பனி பெய்து, கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதில் கால் இறங்கினால் எலும்பு முறியலாம். எனவே கிளம்பும்போது துளையருகே மரக்கிளை நட்டு அடையாளம் வைப்பர்.