காணிப் பிணக்கும் பிரசன்னமும்



பிறந்த நேரம் தெரியாதவருக்குச் சாதகம் கணிப்பது அரிது. சாதகக் குறிப்பு உள்ளவர்க்கும், இன்று நெஞ்சை வருத்தும் ஒரு வினாவுக்கு அதிலிருந்து நேரான விடை பெறுதல் எளிதன்று. ஆதலினாலே, வினா எழும் நேரத்தையே பிறப்பு நேரம்போலக் கொண்டு கோள்நிலை ஆராயும் முறையொன்றை முன்னோர் வகுத்தனர். அதுவே பிரசன்னம். வராகமிகிரரின் மைந்தர் பிருதுயசசு இயற்றிய ‘சட்பஞ்சாசிகா’ ஐம்பத்தாறு சுலோகங்களில் இக்கலையைச் சுருக்கிக் கூறும். 1649ஆம் ஆண்டில் மலையாள நாட்டில் எழுந்த ‘பிரசன்ன மார்க்கம்’ அதனை விரித்துரைக்கும்.

இராசிகள் பன்னிரண்டும் ஒரு நாளுக்குள் கீழ்வானில் உதித்துவிடுகின்றன. ஆகவே, ஓர் இராசி உதிப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகும். வினவும் வேளையில் உதிக்கும் இராசியே இலக்கினம். அது வினவுபவரைக் குறிக்கும். அங்கிருந்து எண்ண, இரண்டாமிடம் குடும்பம்; மூன்றாமிடம் இளைய சகோதரர்; நான்காமிடம் தாய், வீடு, காணி; ஐந்தாமிடம் பிள்ளைகள்; ஆறாமிடம் பிணக்கும் கடனும்; ஏழாமிடம் வாழ்க்கைத் துணை; பதினோராமிடம் மூத்த சகோதரர். சந்திரன் வினவுபவரின் மனத்தைக் காட்டுவான்.

இனி, ஓர் உதாரணம் பார்ப்போம். முதுசக் காணியைப் பங்கிட்டபோது எல்லை வேலி குறித்துத் தமையனுக்கும் தம்பிக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, பேச்சும் நின்றுவிட்டது. சித்திரை மாதத்தில் ஒருநாட் காலை தம்பி சாத்திரியாரிடம் சென்று, “அண்ணனும் நானும் மீண்டும் ஒன்று சேர்வோமா?” என்று வினவுகிறார் எனக் கொள்வோம். அப்போது உதிப்பது இடப இலக்கினம். சூரியன் மேடத்திலும், சந்திரன் துலாத்திலும், சுக்கிரன் மீனத்திலும், வியாழன் கர்க்கடகத்திலும் நிற்கின்றனர்.

சந்திரன் நிற்கும் துலாம் ஆறாமிடம். வினவியவரின் மனம் பிணக்கிலேயே தங்கியிருக்கிறது என்பது இதன் பொருள். காணிக்குரிய நான்காமிடத்தின் அதிபதி சூரியன். அவன் விரய தானமாகிய பன்னிரண்டில் இருக்கிறான். காணியில் ஏதேனும் விட்டுக்கொடுக்க நேரும் என்பதற்கு இது குறிப்பு.

இனி வருவதே கவனிக்கத் தக்கது. இடபத்துக்கும் துலாத்துக்கும் அதிபதி சுக்கிரன் ஒருவனே. எனவே, வினவுபவருக்குரிய கோளே பிணக்குக்கும் உரியதாகிறது. பிணக்கை வளர்ப்பதும் தீர்ப்பதும் பெரும்பாலும் தம்பியின் கையிலேயே உள்ளன என்று இதற்குப் பொருள் கூறலாம். அச்சுக்கிரனோ தமையனுக்குரிய பதினோராமிடத்தில் உச்சம் பெற்றிருக்கிறான். தமையனைக் குறிக்கும் வியாழன் தம்பியர் தானமாகிய மூன்றில் உச்சம் பெற்று, தன் ஒன்பதாம் பார்வையால் மீனத்தையும் அங்குள்ள சுக்கிரனையும் நோக்குகிறான். இருவரும் ஒருவர் இடத்தில் மற்றவராக நிற்கின்றனர். மூத்தவரின் அன்பும் இளையவர்மீது விழுகின்றது. சந்திரன் ஓர் இராசியில் இரண்டேகால் நாளளவே தங்குவான். அவன் அடுத்துச் செல்லும் விருச்சிகமும் வியாழனின் ஐந்தாம் பார்வைக்கு உட்பட்டது. ஆகவே, “காலம் தாழ்த்தாது நீரே தமையனார் வீட்டுக்குச் செல்லும், காணியிற் சிறிது குறைந்தாலும் உறவு நிலைக்கும்” என்று சாத்திரியார் கூறுவார்.

வேலியின் சரியான இடம் எதுவென்று இக்கணிப்புக் கூறமாட்டாது. அதனை நில அளவையாளரும் காணி உறுதியுமே கூறவேண்டும். கோள்கள் மனிதரின் செயலை நிர்ணயிக்கின்றன என்பதை விஞ்ஞானமும் ஏற்கவில்லை. ஒரே வினாவை, விரும்பிய விடை வரும்வரை இடம் மாற்றி மாற்றிக் கேட்பதும் முறையன்று. சாத்திரியாரும் அச்சமூட்டிப் பரிகாரச் செலவு விதிப்பாராயின், குடும்பத்தின் துயர் ஒன்றுக்கு இரண்டாகும்.

ஆயினும், இக்கலைக்கு ஒரு பயன் உண்டு. “அவர் என்ன செய்வார்?” என்று கேட்டு வந்தவரை, “நான் என்ன செய்யலாம்?” என்று சிந்திக்க வைப்பதே அது. நம் உதாரணத்துத் தம்பி விடைபெற்று எழும்போது, வேலியைப்பற்றிய எண்ணம் சற்றே விலகி, தமையனார் வீட்டுப் படலையைத் திறப்பது எப்போது என்ற எண்ணம் பிறந்திருக்குமாயின், அப்பிரசன்னம் நற்பயன் தந்தது எனலாம்.