இலையைத் திருடும் எறும்பு கெட்டதா?

"அப்பா, அந்த எறும்பெல்லாம் இலையை வெட்டிட்டுப் போகுதே, மரம் பாவம் இல்லையா?" டிவியில் விலங்குப் படம் பார்த்துக்கொண்டிருந்த என் ஏழு வயது மகள் கேட்டாள். "ஆமா, கெட்ட எறும்பு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பிறகு படித்துப் பார்த்தால், பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

அது பிரேசிலின் செர்ராடோ என்ற சவன்னா நிலம். பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். மண் மிகப் பழையது. காலங்காலமாக மழை அதன் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது அமிலத்தன்மையும் அலுமினியமும் மிகுந்த மண்.

அங்கே இந்த எறும்புகளை 'சவுவா' என்கிறார்கள். வெட்டிய இலையை இவை அப்படியே தின்பதில்லை. கூட்டுக்குள் கொண்டுபோய், மென்று, அதன்மேல் ஒரு வகைப் பூஞ்சையை வளர்க்கின்றன. குஞ்சுகளுக்குச் சாப்பாடு அந்தப் பூஞ்சைதான். பெரிய கூடு 7 மீட்டர் ஆழம்கூடப் போகும். உள்ளே ஆயிரக்கணக்கில் அறைகள். பிரேசிலில் அளந்த ஒரு கூட்டிலிருந்து எறும்புகள் வெளியே தள்ளியிருந்த மண் மட்டும் ஏறக்குறைய 40 டன்!

வெளியே குவியும் மண் ஆழத்திலிருந்து வந்தது, சத்துக் குறைவு. புற்றின்மேல் பெரும்பாலும் வெறும் தரைதான். சுற்றியுள்ள இளஞ்செடிகளும் கடிபட்டுச் சாகும். நன்மை இருப்பது கீழே. தீர்ந்துபோன இலைச் சக்கையையும் செத்த எறும்புகளையும் இவை தனி அறைகளில் கொட்டுகின்றன. அந்தக் குப்பை மக்கும்போது நைட்ரஜன், பாஸ்பரஸ், கால்சியம் எல்லாம் அங்கே சேரும். எறும்பு கிளறிய மண் இளகியிருப்பதால் வேர் சுலபமாக இறங்கி அந்தச் சத்தை எடுத்துக்கொள்ளும்.

ஆனாலும் பயிரை இழக்கும் விவசாயிக்கு இது பூச்சித் தொல்லைதான்; விஷம் வைக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், செர்ராடோவில் ஏறத்தாழ பாதி ஏற்கெனவே சோயா வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. மிச்சமிருக்கும் காட்டில் இந்த எறும்பு செய்யும் வேலையை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மறுநாள் மகளிடம், "நேத்து அப்பா தப்பாச் சொல்லிட்டேன்டா" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நல்ல எறும்பா?"

"பக்கத்துல முளைச்ச குட்டிச் செடிகிட்ட கேட்டா இல்லைன்னு சொல்லும். ஆழமா வேர் விட்ட மரத்துகிட்ட கேட்டா ஆமான்னு சொல்லும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ ரெண்டு பேர்கிட்டயும் கேக்கணும்ப்பா" என்றாள்.