சின்ன மைதானம், பெரிய ஓட்டம்! 6 பேர் பந்து ஆடினால் அதிகம் மூச்சு வாங்குவது ஏன்?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் சாயங்காலம் ஆனால் போதும். விழுப்புரம் ரோட்டில் இருந்து பிரியும் தெருக்களில், காலி மனை கிடைத்த இடத்தில் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். இரண்டு செங்கல் வைத்தால் ஒரு கோல். இந்தப் பக்கம் 3 பேர், அந்தப் பக்கம் 3 பேர். ஆட்டம் ரெடி!

கொஞ்சம் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் "டர்ப்" என்கிற செயற்கைப் புல் தரைக்குப் போகிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அங்கேயும் இதே குட்டி ஆட்டம்தான்.

"சின்ன இடம்தானே! நாலு பேர்தானே! சும்மா ஓடி ஆடிவிட்டு வரட்டும்" என்று பெற்றோர்கள் விட்டு விடுகிறார்கள்.

அங்கேதான் தப்பு! இது சும்மா ஆட்டம் அல்ல. இதயத்தையும் முழங்காலையும் பெண்டு நிமிர்த்தும் ஆட்டம். அளவோடு ஆடினால் இதைப் போல நல்ல பயிற்சி வேறு இல்லை. அளவு மீறினால் ஆபத்து.

இது பற்றிய விவரம் வருமாறு:-

3,500 சதுர அடி

சர்வதேச கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதில் 22 பேர் ஆடுகிறார்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குச் சுமார் 3,500 சதுர அடி வருகிறது.

அவ்வளவு பெரிய இடத்தில் பந்து ஒரு மூலையில் இருந்தால், மறு மூலையில் நிற்கும் பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

60 அடிக்கு 40 அடி மனையில் 6 பேர் ஆடினால்? ஒருவருக்கு 400 சதுர அடிதான். பந்து எப்போதும் காலடியில்! வேடிக்கை பார்க்க வழியே இல்லை. பிடுங்க வேண்டும், திரும்ப வேண்டும், ஓட வேண்டும், மறுபடியும் பிடுங்க வேண்டும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் 9 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. பக்கத்துக்கு 8 பேர் ஆடியதை விட, 4 பேர் ஆடியபோது பந்தைத் தட்டிக் கொடுப்பது 2 மடங்குக்கு மேல் ஆனது. கோல் அடிக்கும் முயற்சி 3 மடங்கைத் தாண்டியது.

பந்து அதிகம் வந்தால் வித்தை அதிகம் படியும். அதோடு வேலையும் கூடும்!

நிமிடத்துக்கு 180 துடிப்பு!

சும்மா உட்கார்ந்திருக்கும் 12 வயதுப் பையனுக்கு இதயம் நிமிடத்துக்கு 70 முதல் 90 தடவை வரை துடிக்கும். பக்கத்துக்கு 3 பேர் என்று மும்முரமாக ஆடும்போது அது 170, 180 என்று எகிறி விடும். இதயம் துடிக்கக்கூடிய உச்ச அளவில் இது 85 முதல் 90 சதவீதம்!

இதை அறிய மெஷின் எதுவும் தேவை இல்லை. ஆட்டம் நின்றவுடன் பையனின் மணிக்கட்டில் விரலை வையுங்கள். 10 விநாடிக்கு எண்ணுங்கள். 28, 30 என்று வந்தால் பையன் உச்சத்தில் ஓடி இருக்கிறான் என்று அர்த்தம்.

கோச் கத்தினால்...

ராம்பினினி என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் 2007-ம் ஆண்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்களான 20 அமெச்சூர் ஆட்டக்காரர்களைப் பக்கத்துக்கு 3 பேர் முதல் 6 பேர் வரை பிரித்து ஆட விட்டார்கள். இடத்தையும் சிறிதாக, பெரிதாக மாற்றினார்கள்.

மூன்று விஷயம் தெரிய வந்தது. ஆள் குறைந்தால் இதயத்துக்கு வேலை கூடுகிறது. அதே ஆட்களுக்கு இடத்தைப் பெரிதாக்கினாலும் கூடுகிறது. ஓரத்தில் நின்று கோச் "ஓடுடா, விடாதே!" என்று சத்தம் போட்டாலும் கூடுகிறது!

ஆக, ஆட்டத்தின் வேகம் கோச்சின் கையில் இருக்கிறது. ஆளைக் கூட்டி, குரலைக் குறைத்தால் பையன்களுக்கு மூச்சு திரும்பும்.

16 நிமிடம்தான்!

"மைதானத்தைச் சுற்றி 10 ரவுண்டு ஓடு!" - இது பழைய டிரில் மாஸ்டர் பாணி. பிள்ளைகளுக்கு வேப்பங்காய்.

இத்தாலியில் இம்பெலிசேரி குழுவினர் 17 வயது வாக்கில் உள்ள 40 ஆட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் ஓட்டம். மறு பிரிவுக்குக் குட்டி ஆட்டம். 12 வாரம் பயிற்சி. முடிவு 2006-ல் வெளிவந்தது. இரு பிரிவுக்கும் தாக்குப்பிடிக்கும் சக்தி ஒரே மாதிரி கூடி இருந்தது!

பந்தோடு ஆடியே அந்தச் சக்தியைப் பெறலாம் என்றால், வெறும் ரவுண்டு எதற்கு?

ஆனால் கவனியுங்கள். அவர்கள் ஆடியது 4 நிமிடம். பிறகு 3 நிமிடம் ஓய்வு. இப்படி 4 முறை. மொத்த ஆட்டம் 16 நிமிடம்தான்!

நம் ஊரில் என்ன நடக்கிறது? "ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தாச்சு, ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கக் கூடாது" என்று பையன்களை நிறுத்தாமல் ஆட விடுகிறோம். காசுக்குப் பார்த்து உடம்பைக் கெடுக்கலாமா?

முழங்கால் வலி

சின்ன இடத்தில் நேராக ஓட முடியாது. நாலடி ஓடினால் பிரேக் போட வேண்டும். உடனே திரும்ப வேண்டும். அத்தனை பிரேக்கும் முழங்காலிலும் குதிகாலிலும் விழுகிறது.

10 வயது முதல் 15 வயது வரை எலும்பு மளமளவென்று வளரும் காலம். அப்போது முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே வலியும் வீக்கமும் வருவது உண்டு. "ஆஸ்குட்-ஷ்லாட்டர்" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஓட்டம், குதிப்பு அதிகமானால் இது அதிகமாகும். "சோம்பேறி, நடிக்கிறான்" என்று திட்டாதீர்கள். ஆட்டத்தைக் குறைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. குட்டி மைதானத்தில் முழு வேகம் எடுக்க இடம் கிடையாது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது பெரிய மைதானத்தில் நேர் ஓட்டமும் வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மேட்சில் திடீரென்று வேகம் எடுக்கும்போது பின்தொடை பிடித்துக்கொள்ளும்.

சொல்தா வீட்டில் கேளுங்கள்

பிரான்சில் சொந்தக்காரர்கள் உள்ள "சொல்தா" குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய உண்டு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரான்சில் 9 வயது வரை பக்கத்துக்கு அதிகம் போனால் 5 பேர். பிறகு 13 வயது வரை 8 பேர். 11 பேர் ஆட்டம் அதற்கு அப்புறம்தான்!

1998 உலகக் கோப்பை பைனலில் பிரேசிலுக்கு எதிராக 2 கோல் போட்ட ஜிடான், சின்ன வயதில் எங்கே ஆடினார் தெரியுமா? மார்செய் நகரில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருந்த குறுகலான முற்றத்தில்!

நம் நாட்டிலும் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2018-ல் "கோல்டன் பேபி லீக்" என்று குழந்தைகளுக்கான குட்டி ஆட்டப் போட்டிகளைத் தொடங்கியது. காலி மனையில் உதைக்கும் நம் பையன்கள் தப்பான வழியில் போகவில்லை. அளவுதான் தெரிய வேண்டும்.

வெயில் சும்மா விடாது

புதுச்சேரியில் வெயிலோடு கடல் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வியர்வை காயாது. உடம்புச் சூடு இறங்காது. செயற்கைப் புல் தரையோ வெயிலில் நிஜப் புல்லை விட அதிகமாகக் கொதிக்கும்.

2014-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையில், வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டார்கள். உலக வீரர்களுக்கே அப்படி! நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

என்ன செய்ய வேண்டும்?

1. கோடையில் வெயில் தாழ்ந்த பிறகே ஆட்டம். ஆடும் முன்பு 10 நிமிடம் உடம்பைச் சூடேற்ற வேண்டும்.

2. 4 நிமிடம் ஆட்டம், 3 நிமிடம் ஓய்வு. அதிகம் போனால் 4 முறை. 10 வயதுக்குக் கீழே என்றால் இன்னும் குறைவு. மீதி நேரத்தில் பாஸ், கோல் அடிக்கும் பயிற்சி என்று நிதானமாகச் செய்யலாம்.

3. ஒவ்வொரு ஓய்விலும் தண்ணீர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

4. தொடர்ந்து இரண்டு நாள் கடுமையான ஆட்டம் வேண்டாம்.

5. தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல் வந்தால் ஆட்டம் குளோஸ்! நிழலில் படுக்க வைத்து உடம்பை நனைத்து விசிறுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்த பிள்ளையை டாக்டர் சரி என்று சொல்லும் வரை மறுபடி ஆட விடக் கூடாது.

இன்று ராத்திரி பையன் வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்ததும், "எத்தனை கோல்டா?" என்று கேளுங்கள். அதோடு, "எத்தனை தடவை உட்கார்ந்தே? எத்தனை தடவை தண்ணி குடிச்சே?" என்றும் கேளுங்கள்.

பதில் "ஒரு தடவைகூட இல்லப்பா" என்று வந்தால், நாளைக்கே கோச்சைப் போய்ப் பாருங்கள்!