திரும்பி வருவோம் என்று எழுதி வைத்த ஊர்

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செற் மாவட்டத்தில், குன்றுகளுக்கும் கடலுக்கும் இடையே டைனம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு பாடசாலை, தபாற்கந்தோரோடு சேர்ந்த ஒரு வரிசை வீடுகள், ஒரு பண்ணை, கூப்பிடு தூரத்துக்கு அப்பால் மீனவர் குடியிருந்த சிறு குடா. ஊர் அவ்வளவுதான். 1943ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தின் பின் அங்கே எவரும் குடியிருக்கவில்லை. ஆனாலும் எந்த வீட்டில் யார் இருந்தார், என்ன தொழில் செய்தார் என்று இன்றும் அங்கே போகிறவர்கள் அறிந்து வருகிறார்கள். ஆளில்லாத ஊர் எப்படிப் பெயர் அழியாமல் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் செய்தி.

டைனம் பழைய ஊர். 1086இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியம் தன் நாட்டுக் காணிகளைக் கணக்கெடுத்து எழுதுவித்த ஏட்டிலே அதன் பெயரும் உண்டு. அங்கு வாழ்ந்தவர்களிற் பெரும்பாலோர் ஏழைகள். மாடு வளர்த்தும், பிறர் நிலத்தில் உழைத்தும், கடலில் வலை போட்டும் சீவித்தார்கள். வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. காணியும் வீடுகளும் பெரிய வீட்டுக்காரரான பொண்ட் குடும்பத்துக்கே சொந்தம். மற்றவர்கள் வாடகைக் குடிகள். பிள்ளைகளின் தொகை குறைந்தபடியால் 1932இல் பாடசாலை மூடப்பட்டது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் படையிறங்குவதற்கு ஆயத்தம் நடந்த காலம். தாங்கிகளிலிருந்து சுட்டுப் பயிலுவதற்கு இராணுவத்துக்கு மேலும் நிலம் தேவைப்பட்டது. 1943 நவம்பர் நடுப்பகுதியில் வீடு வீடாகக் கடிதம் வந்தது. டிசெம்பர் 19ஆம் திகதிக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். ஏறக்குறைய ஒரு மாத அவகாசம். அதுவும் மாரிகாலம். டைனத்திலும் அதன் அயலிலும் 225 பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள்.

நட்டஈடு எவ்வளவு? காணி சொந்தமில்லாத குடிகளுக்கு வீட்டுத் தோட்டத்தில் நின்ற மரக்கறியின் பெறுமதிதான் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாய் ஊரில் இருந்ததற்கு விலை போடுவார் இல்லை.

போகும்போது தேவாலயக் கதவில் ஒரு கடதாசி ஒட்டப்பட்டது. நாங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை யுத்தத்தை வெல்வதற்காகக் கொடுத்துவிட்டுப் போகிறோம். தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பாருங்கள். ஒரு நாள் திரும்பி வருவோம் என்பது அதன் சாரம். அதிலே கோபம் இல்லை. யுத்தம் முடியத் திரும்பலாம் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

யுத்தம் 1945இல் முடிந்தது. ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. 1948இல் அரசாங்கம் அந்த நிலத்தைக் கட்டாயக் கொள்வனவாக எடுத்துக்கொண்டது. 1960களின் கடைசியில் ஊரை மீட்க ஓர் இயக்கம் எழுந்தது. 1973இல் அரசாங்கத்தின் ஆய்வுக் குழுவொன்றே அந்த நிலத்தை விடுவிக்கலாம் என்று சொல்லிற்று. அடுத்த ஆண்டு அரசாங்கம் அதை ஏற்க மறுத்துவிட்டது. கிடைத்த பலன் ஒன்றுதான்: சூட்டுப் பயிற்சி இல்லாத வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் மக்கள் உள்ளே சென்று பார்க்கலாம். வெடிக்காத குண்டுகள் கிடக்கக்கூடும் என்பதால் அடையாளமிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது.

இன்று அங்கே போனால் கூரை இல்லாத கற்சுவர்களைக் காணலாம். தேவாலயமும் பாடசாலையும் கூரையோடு நிற்கின்றன. பாடசாலையில் மேசைகளும் பிள்ளைகள் செய்த இயற்கைப் பாட வேலைகளும் பார்வைக்கு இருக்கின்றன. சிதைந்த வீடுகளில் அங்கே வாழ்ந்த குடும்பத்தின் பெயரும் கதையும் பழைய படங்களும் பலகைகளில் உள்ளன. பல காலம் உழவு இயந்திரமும் கிருமிநாசினியும் படாத மேய்ச்சல் நிலத்தில் காட்டுப் பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்திருக்கின்றன.

இந்தப் பலகைகளில் உள்ளவை எங்கிருந்து வந்தன? வெளியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பெட்டிகளில் வைத்திருந்த படங்கள், வாயால் சொன்ன ஞாபகங்கள், தேவாலயப் பதிவேடுகள், பாடசாலைக் குறிப்புகள் ஆகியவற்றிலிருந்துதான். பெரிய வீட்டின் பெரும்பகுதி 1960களில் இடிக்கப்பட்டது. தபாற்கந்தோர்க்காரரின் பெயரோ, பண்ணையில் மாடு பார்த்தவரின் பெயரோ அழியவில்லை.

டைனத்தின் கதையில் இரண்டு பாடம் உண்டு. திரும்பலாம் என்ற நம்பிக்கை மட்டும் அந்தக் குடிகளுக்கு ஊரைத் திரும்பப் பெற்றுத் தரவில்லை. ஆனால் தாங்கள் யார், எங்கே இருந்தோம் என்பதைச் சொல்லியும் எழுதியும் வைத்தார்கள். அதை எவராலும் பறிக்க முடியவில்லை.

ஊரை விட்டு வந்திருக்கும் நீங்களும் இதை இன்றே தொடங்கலாம். ஒரு கொப்பியும் பேனாவும் போதும். வயதான ஒருவரின் அருகில் இருந்து கேளுங்கள். வயல்களின் பெயர், கிணறுகளின் பெயர், எல்லையில் நின்ற மரம், அயல்வீட்டார் யார், எந்தப் போகத்துக்கு எந்த நெல் விதைத்தோம் என்று எழுதுங்கள். உறுதி, வரிச்சிட்டு, பிறப்புப் பதிவு எதுவானாலும் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அந்தப் பெரியவர் இருக்கும்போதே எழுதுங்கள். அவர் போனபின் கேட்க ஆள் இராது.